வீரமரணம் அடையாத என் அப்பாவின் பெயருக்காக, பேரூராட்சி மன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பேரூராட்சி மன்றத் தலைவர், துணைத் தலைவர், வார்டு உறுப்பினர்கள், செயல் அலுவலர் ஆகியோருக்கு,

பேருந்து நிலையத்துக்கு எதிரே எழும்பிக்கொண்டிருக்கும் படைவீரர் நினைவுத்தூணில் "போரில் வீரமரணம் அடைந்தவர்களின் பெயர்கள் மட்டும்" பொறிக்கப்படும் என்று சென்ற மாதக் கூட்டத்தில் தீர்மானம் போட்டிருக்கிறீர்கள். முன்னாள் படைவீரர்கள் சேர்ந்து கொடுத்த ஐந்து பக்கப் பட்டியலில் இரண்டு பெயர்களை மட்டும் விட்டுவிட்டு, மற்ற எல்லாவற்றின் மேலும் சிவப்புப் பேனாவால் கோடு இழுத்து அலுவலகம் திருப்பி அனுப்பியிருக்கிறது. மூன்றாம் பக்கத்தில் என் அப்பா இருக்கிறார். அவர் பெயருக்கு நேரே, ஓரத்தில், யாரோ எழுதியிருக்கிறார்கள்: "போரில் கலந்துகொள்ளவில்லை. இயற்கை மரணம்."

இயற்கை மரணம் என்பது சரி. 2023-இல் எங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில், கயிற்றுக் கட்டிலில் படுத்தவாக்கில், அம்மா காபி எடுத்துக்கொண்டு வருவதற்குள் போய்விட்டார். அப்படிப் போனதை நாங்கள் கொடுப்பினை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தோம். அது ஒரு தகுதிக் குறைவு என்பது உங்கள் தீர்மானம் வந்த பிறகுதான் தெரிந்தது. அரசு மரியாதை, இருபத்தோரு குண்டு என்றெல்லாம் அன்றைக்கும் நாங்கள் கேட்கவில்லை, இன்றைக்கும் கேட்கவில்லை.

"போரில் கலந்துகொள்ளவில்லை" என்பதைப் பற்றித்தான் பேச வேண்டும்.

வேலூர் மாவட்டத்தில் உட்கார்ந்துகொண்டு இதை விளக்க வேண்டியிருப்பதே எனக்கு வியப்பு. கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்று சொல்லும் மாவட்டம் இது. காட்பாடியில் வடக்கிலிருந்து வரும் ரயில் நின்றால், பெயரும் நம்பரும் வெள்ளைப் பெயின்டில் எழுதிய கறுப்பு ட்ரங்குப் பெட்டியோடு யாராவது ஒருவர் இறங்குவதைப் பார்த்து வளர்ந்தவர்கள்தான் நாம் எல்லோரும். சரி, ஆனாலும் சொல்கிறேன்.

வங்கதேசப் போர் 1971 டிசம்பர் 16-ஆம் தேதி டாக்கா சரணாகதியோடு முடிந்தது. அப்பா வெலிங்டனில், மதராஸ் ரெஜிமென்ட் சென்டரில், ரெக்ரூட்டாகச் சேர்ந்தது அதற்கு அடுத்த வருடம், பதினெட்டு வயதில். 24 வருட சர்வீஸ் முடித்து 1996-இல் ஹவில்தாராக பென்ஷனில் வந்தார். கார்கில் சண்டை 1999-இல். ஆக, பள்ளிக்கூடப் புத்தகத்தில் தலைப்புப் போட்டு எழுதுகிற இரண்டு போர்களுக்கு நடுவில் சரியாக விழுந்துவிட்டது அவருடைய சர்வீஸ். சேர்ந்த சில மாதத்திலேயே, 1972 ஆகஸ்ட் 15-இல் பணியில் இருந்தவர்களுக்கெல்லாம் கொடுத்த வெள்ளிவிழாப் பதக்கம் அவருக்கும் கிடைத்தது. "சும்மா நின்னதுக்குக் குடுத்தது" என்று அதைக் காட்டிச் சிரிப்பார். உங்கள் அலுவலகத்தில் ஓரக் குறிப்பு எழுதியவரும் கிட்டத்தட்ட அதைத்தான் எழுதியிருக்கிறார். அப்பா தன்னைக் கேலி செய்துகொண்டார். நீங்கள் அதைத் தீர்மானமாகவே போட்டுவிட்டீர்கள்.

அந்த 24 வருடமும் பட்டாளம் பேரக்கில் படுத்துத் தூங்கவில்லை. 1984 ஏப்ரல் 13-ஆம் தேதி சியாச்சின் பனிமலைமேல் ஏறிய படை இன்றுவரை கீழே இறங்கவில்லை. அதே வருடம் பஞ்சாப். 1986 கடைசியில் ராஜஸ்தான் எல்லையில் பிராஸ்டாக்ஸ் என்ற மாபெரும் ஒத்திகை. அது எந்த நேரமும் நிஜமாகிவிடும் என்று இரண்டு நாடும் துப்பாக்கியை நீட்டிக்கொண்டு நின்றன. 1987-இல் இலங்கைக்குப் போன அமைதிப்படை. 1990 முதல் காஷ்மீர். நாகாலாந்தும் மணிப்பூரும் எந்த வருடமும் ஓய்ந்ததில்லை. இதில் எதுவும் அரசாங்கக் கணக்கில் போர் இல்லை. ஆனால் வந்த குண்டு அதே குண்டுதான்.

அப்பாவின் இடது காலில் கடைசி இரண்டு விரல்களுக்கு நுனி கிடையாது. பனிக்கடி. சியாச்சினில் எதிரியின் குண்டைவிடக் குளிரும் உயரமும்தான் அதிகம் பேரைக் கொன்றது என்பது ஊரறிந்த செய்தி. எங்கள் வீட்டில் அது இரண்டு விரலோடு போயிற்று. ரப்பர் செருப்பு அந்தக் காலில் நிற்காது. புதுச் செருப்பு வாங்கினால், முதல் வேலையாகக் குதிகாலுக்கு ஒரு வார் வைத்துத் தைத்துக்கொண்டு வருவார். சின்ன வயதில் நானும் தம்பியும் அந்த மொட்டை விரல்களைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்போம். எப்படிப்பா போச்சு என்று கேட்டால் "எலி கடிச்சிடுச்சு" என்பார். நாங்கள் ரொம்ப நாள் அதை நம்பினோம். போரில் கலந்துகொள்ளாத ஒருவரின் விரல் எப்படிப் போயிருக்கும் என்று உங்கள் குறிப்பில் எழுத ஓரத்தில் இடம் இருந்ததா என்று தெரியவில்லை.

இப்போது தீர்மானத்தில் எழுதாத காரணத்துக்கு வருகிறேன். கூட்டத்தில் என்ன பேசப்பட்டது என்பது அன்று சாயங்காலமே டீக்கடைக்கு வந்துவிட்டது. "அமைதிப்படைல போனவங்க பேரையெல்லாம் தமிழ்நாட்டுல கல்லுல வெட்டினா, நாளைக்கு எவனாவது வந்து தார் பூசுவான். நமக்கு எதுக்கு வம்பு?" என்று ஒரு உறுப்பினர் சொல்ல, மற்றவர்கள் தலையாட்டினீர்கள். பட்டியலில் பாதிப்பேர் எண்பதுகளில் பட்டாளத்தில் இருந்தவர்கள் என்பதால், யாரைச் சேர்ப்பது யாரை விடுவது என்ற தலைவலியே வேண்டாம் என்று "வீரமரணம்" என்ற ஒரே கோடாகப் போட்டுவிட்டீர்கள். இதுதான் நடந்தது. இல்லை என்றால் மறுத்து எழுதுங்கள், நானும் திருத்திக்கொள்கிறேன்.

1987 ஜூலை 29-இல் கொழும்பில் ராஜீவ் காந்தியும் ஜெயவர்தனாவும் ஒப்பந்தம் போட்டார்கள். படை போனது. அக்டோபரில் விடுதலைப் புலிகளோடு சண்டை மூண்டது. அப்பாவின் பட்டாலியனும் போனது. வவுனியா, அப்புறம் திருகோணமலைப் பக்கம். தமிழ் தெரிந்த சிப்பாய்களை செக்போஸ்டில் எப்போதும் முன்னால் நிறுத்துவார்கள். பஸ்ஸை நிறுத்தி, எல்லோரையும் இறக்கி, பையைத் திறக்கச் சொல்லி, ஆபீசர் இந்தியில் கேட்பதைத் தமிழில் கேட்டு, அவர்கள் சொல்வதை இந்தியில் சொல்ல வேண்டும். அந்த நாட்களில் நடந்ததாக அவர் எங்களிடம் சொன்னது ஒன்றே ஒன்றுதான். ஒரு வயதான அம்மா, வெற்றிலைப் பையைத் திறந்து காட்டிக்கொண்டே, "தம்பி எவடம்?" என்று கேட்டாராம். வேலூர் என்றிருக்கிறார். "பிறகேன் மோனை இஞ்ச துவக்கோட நிக்கிறாய்?" என்றாராம் அந்த அம்மா. அதை இந்தியில் சொல்லச் சொல்லி ஆபீசர் கேட்டிருக்கிறார். வெற்றிலை வேண்டுமா என்று கேட்கிறார்கள் என்று அப்பா சொல்லிவிட்டாராம். இதற்கு மேல் ஏதாவது கேட்டால், எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விடுவார்.

அமைதிப்படை அங்கே செய்ததையெல்லாம் நியாயப்படுத்த நான் வரவில்லை. 1987 அக்டோபரில் யாழ்ப்பாணம் பெரிய ஆஸ்பத்திரிக்குள் புகுந்து நோயாளிகளையும் டாக்டர்களையும் நர்சுகளையும் சுட்டது இந்தியப் படைதான். அங்கே உயிரையும் வீட்டையும் இழந்த தமிழர்களின் கோபத்துக்கு நான் பதில் சொல்லிவிட முடியாது, சொல்லவும் கூடாது. ஆனால் அந்தக் கணக்கைத் தீர்க்க வேண்டிய இடம் டெல்லி. படையை அனுப்பியது அங்கே போட்ட கையெழுத்து. லெப்ட் ரைட் போட்டுக் கப்பலில் ஏறிய, நாயக் பதவியில் இருந்த ஒருவர், "நான் போகமாட்டேன்" என்று சொல்லியிருந்தால் கோர்ட் மார்ஷல்தான். 1990 மார்ச்சில் கடைசிப் படை மெட்ராஸ் துறைமுகத்தில் வந்து இறங்கியபோது அன்றைய முதல்வர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. அவருக்கு அவருடைய காரணம் இருந்தது, அன்று தமிழ்நாட்டில் பலருக்கு அது சரியாகவும் பட்டது. அது ஒரு அரசியல் முடிவு, அதை அவர் வெளிப்படையாகவே செய்தார். நீங்கள் செய்திருப்பது அதுகூட இல்லை. பெயரை மறைக்க வேறொரு விதியைத் தேடிப் பிடித்திருக்கிறீர்கள்.

அப்பா லீவில் வந்தபோது, நம் ஊர் டீக்கடையில் ஒருவர் "எத்தனை பேரைச் சுட்டே?" என்று கேட்டார். பாதி டீயை வைத்துவிட்டு எழுந்து வந்தவர், அதற்கப்புறம் செத்துப்போகும்வரை அந்தக் கடை பெஞ்சில் உட்காரவில்லை. கேட்டவரின் கல்யாணத்துக்கு மொய் எழுதினார், அவர் மகனுக்கு ஓட்டப் பயிற்சி கொடுத்தார், அந்த பெஞ்சில் மட்டும் உட்காரவில்லை. இலங்கை அரசாங்கமே கொழும்புக்குப் பக்கத்தில் பத்தரமுல்லையில் அமைதிப்படைக்கு ஒரு நினைவிடம் கட்டி, அங்கே செத்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய வீரர்களின் பெயர்களைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறது. உயிரோடு திரும்பி வந்து, பென்ஷனில் வந்தபின் இருபத்தேழு வருடம் உங்களோடு வாழ்ந்து, வீட்டு வரியும் தண்ணீர் வரியும் கட்டிய ஒருவரின் பெயரைச் சொந்த ஊரில் எழுத உங்களுக்குத் தயக்கம்.

வீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். பட்டாளத்துக்காரன் என்றால் துப்பாக்கி மட்டும் என்று நினைப்பவர்கள்தான் இப்படித் தீர்மானம் போடுவார்கள்.

அப்பாவின் டிஸ்சார்ஜ் புக்கில் குடும்ப விவரத்துக்கு ஒரு பக்கம் இருக்கிறது. அம்மா பெயர், கல்யாணத் தேதி, என் பிறந்த தேதி, தம்பியின் பிறந்த தேதி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் பார்ட் டூ ஆர்டர் எண். நாங்கள் பிறந்ததை பட்டாளம் பதிவு செய்த அளவுக்கு அப்பாவால் பார்க்க முடியவில்லை. இரண்டு பிரசவத்துக்கும் அவர் இல்லை. வருடத்துக்கு இரண்டு மாதம் லீவு. அந்த இரண்டு மாதத்துக்குள் ஒரு வருடக் குடும்பத்தை நடத்தியாக வேண்டும். ஓடு மாற்றுவது, கிணற்று மோட்டாரைக் கழற்றி ஒயின்டிங் செய்வது, கூட்டுறவுச் சங்கத்தில் உரக்கடனைப் புதுப்பிப்பது, தாத்தாவை சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவது, பள்ளிக்கூடத்தில் எங்கள் ரேங்க் கார்டுக்குக் கையெழுத்து. பாக்கி பத்து மாதமும் அம்மா. நாற்று, களை, அறுப்பு, மாமியார், மாடு, ரேஷன் கடை வரிசை, அதோடு "புருஷன் இல்லாத வீடு" என்று வேலியைத் தள்ளித் தள்ளிப் போட்ட பக்கத்து நிலத்துக்காரர். அந்த வேலித் தகராறில் அம்மா தனியாகத் தாலுகா ஆபீசுக்கு நடந்து நடந்து அளந்து வாங்கிய ஒன்றரை அடி இன்னும் இருக்கிறது. அது வேறு கதை.

அந்தப் பத்து மாதத்துக்கும் அப்பாவாக இருந்தது இன்லேண்ட் லெட்டர். முகவரி எப்போதும் ஒன்றுதான்: நம்பர், ரேங்க், பெயர், பட்டாலியன், மேற்பார்வை 56 ஏபிஓ என்ற ராணுவத் தபால் நிலையம். அவர் காஷ்மீரில் இருக்கிறாரா ராஜஸ்தானில் இருக்கிறாரா என்று அந்த முகவரியை வைத்து யாராலும் கண்டுபிடிக்க முடியாது. கண்டுபிடிக்கக் கூடாது என்றுதான் அப்படி. கடிதத்தையும் ஆபீஸ் ஆர்டர் போல நம்பர் போட்டு எழுதுவார். ஒன்று, உரக்கடன் கெடு எப்போது முடிகிறது. இரண்டு, பெரியவளுக்குக் கணக்கில் மார்க் ஏன் குறைந்தது, காரணம் எழுதவும். மூன்று, அம்மாவின் கண் பரிசோதனை என்ன ஆயிற்று. நான்கு, செவலை மாடு சினையா. கடைசிப் பாயின்ட் எப்போதும் "மற்றவை நேரில்". அம்மா முற்றுப்புள்ளியே இல்லாமல் ஒரே மூச்சில் பதில் எழுதுவார், மடிக்கிற ஓரம்வரை. அடுத்த கடிதத்தில் "உன் பதிலில் பாயின்ட் மூன்று விட்டுப்போயிருக்கிறது" என்று வரும்.

இலங்கையில் இருந்தபோது வந்த கடிதங்களில் நம்பர் இல்லை. "நான் நலம். நீங்கள் எல்லோரும் நலமா. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்." அவ்வளவுதான். மாடு சினையா என்றுகூடக் கேட்கவில்லை. அம்மா எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டி வைத்திருக்கிறார். அந்தச் சில கடிதங்களை மட்டும் தனியாக, அரிசி டின்னுக்கு அடியில்.

1996-இல் நாற்பத்திரண்டு வயதில் வீட்டுக்கு வந்தவருக்குப் பென்ஷன் மட்டும் போதவில்லை. ஒரே பதவி ஒரே ஓய்வூதியமெல்லாம் 2015-இல்தானே ஆணையாக வந்தது. மற்ற பட்டாளத்துக்காரர்களைப் போல ஒரு வங்கியில் காவலராகச் சேர்ந்தார். உங்களில் பலருக்கு அவரைத் தெரிந்தது அப்படித்தான்: இரட்டைக்குழல் துப்பாக்கியோடு வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பவர், பாட்டிகளுக்குப் பணம் எடுக்கும் சீட்டு எழுதிக் கொடுப்பவர். கேன்டீன் கோட்டாவில் வரும் ரம் பாட்டிலுக்காக அவரிடம் நட்பு பாராட்டியவர்களும் உங்களில் உண்டு, அதை விட்டுவிடுகிறேன்.

காலையில் நாலரை மணிக்கு ஏரிக்கரையில் பையன்களைச் சேர்த்துக்கொண்டு ஓட்டம். ராணுவத் தேர்வுக்கு 1600 மீட்டர் ஓட வேண்டும், பார் எடுக்க வேண்டும், ஒன்பது அடிப் பள்ளம் தாண்ட வேண்டும். பள்ளத்தை அவரே மண்வெட்டியால் வெட்டினார். மழைக்கு அது தூர்ந்துபோகும். வருடா வருடம் மறுபடி வெட்டுவார். ஒரு பைசா வாங்கியதில்லை. அவர் தயார் செய்த பையன்களில் சிலர் இப்போது அக்னிவீரர்கள். 2022-இல் வந்த அந்தத் திட்டத்தில் நான்கு வருடம்தான், நால்வரில் ஒருவரைத்தான் நிரந்தரமாக வைத்துக்கொள்வார்கள். மற்றவர்கள் பென்ஷன் இல்லாமல் இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதில் இதே ஊருக்குத் திரும்பி வருவார்கள். உங்கள் விதிப்படி, அவர்களுக்கு இந்தத் தூணில் இடம் வேண்டுமென்றால் அந்த நான்கு வருடத்துக்குள் செத்தாக வேண்டும். இதை யோசித்துப் பார்த்துத்தான் கை தூக்கினீர்களா?

டெல்லியிலும் இப்படித்தானே இருக்கிறது என்று ஒரு உறுப்பினர் சொன்னதாகவும் கேள்விப்பட்டேன். 2019 பிப்ரவரி 25-இல் திறந்த தேசியப் போர் நினைவிடத்தில், சுதந்திரத்துக்குப் பிறகு உயிர்நீத்த வீரர்களின் பெயர்கள் மட்டும்தான் இருக்கின்றன, உண்மை. இருபத்தைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்கள். ஆனால் அது முதல் நாளிலிருந்தே தியாகிகளுக்கு என்று சொல்லிக் கட்டியது. நம் ஊர்த் தூண் அப்படித் தொடங்கவில்லை. வீட்டுக்கு ஆயிரம் ரூபாய் வசூலித்தபோது கொடுத்த ரசீது என்னிடம் இருக்கிறது. "நமது ஊரிலிருந்து ராணுவப் பணியாற்றிய அனைவரது பெயர்களும் பொறிக்கப்படும் நினைவுத்தூணுக்கு நன்கொடை" என்று அதில் அச்சடித்திருக்கிறது. "அனைவரது" என்பதை நம்பித்தான் அம்மா தன் குடும்ப பென்ஷனிலிருந்து எடுத்துக் கொடுத்தார். ரசீதில் உங்கள் அலுவலக முத்திரையும் இருக்கிறது.

இடம் போதாது என்பது அடுத்த காரணம். திறப்பு விழாக் கல்வெட்டின் வரைவை நானும் பார்த்தேன். மாண்புமிகுக்களில் தொடங்கி, மன்றத் தலைவர், துணைத் தலைவர், எல்லா வார்டு உறுப்பினர்கள், செயல் அலுவலர், ஒப்பந்ததாரர் வரை ஒருவர் விடாமல் பெயர் வருகிறது, இனிஷியல், படிப்பு, பதவியோடு. அதற்கு மட்டும் கருங்கல் போதுமானதாக இருந்திருக்கிறது.

பட்டியலில் கோடு விழாத இரண்டு பெயர்களில் ஒருவரின் மனைவியை நான் போய்ப் பார்த்தேன். மற்றவர்கள் பெயரும் வந்தால் அவருக்கு வருத்தமாக இருக்குமோ என்ற எண்ணம் எனக்கும் இருந்தது. "ஒரே லாரில போனவங்கதானேம்மா எல்லாரும். இவரை எடுத்துக்கிட்டாங்க, அவங்களை விட்டுட்டாங்க. என் வீட்டுக்காரர் மட்டும் தனியா அங்க நிக்கணுமா?" என்றார். அவரிடம் நீங்கள் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பதையும் அவரே சொன்னார்.

கடைசியாக ஒரு கல்லைப் பற்றி. பழைய ஆரம்பப்பள்ளிச் சுவரில் பதித்திருந்த வெள்ளைக்காரன் காலத்துக் கல், பள்ளியை இடித்தபோது பெயர்க்கப்பட்டு, இப்போது மேல்நிலைத் தொட்டிக்குப் பின்னால் குழாய்த் துண்டுகளோடு கிடக்கிறது. ஒரு மூலை உடைந்திருக்கிறது. அதன்மேல் குளோரின் டப்பா வைத்துவைத்து வட்டமாகத் தழும்பு. பிரிட்டிஷ் அரசாங்கம் முதல் உலகப் போருக்குப் பிறகு இந்தியா முழுக்க ஊர் ஊராக வைத்த கற்களில் இதுவும் ஒன்று. எல்லாவற்றிலும் வாசகம் ஒரே மாதிரி: இந்த ஊரிலிருந்து 1914–1919 பெரும் போருக்குப் போனவர்கள் இத்தனை பேர், அவர்களில் உயிர் கொடுத்தவர்கள் இத்தனை பேர். நம் கல்லில் அந்த எண்கள் இருந்த இடம் சிமெண்ட் அப்பிப் படிக்க முடியாமல் கிடக்கிறது. ஆனால் வரிசையைப் பாருங்கள். முதலில் போனவர்கள். அப்புறம்தான் செத்தவர்கள். பெயரைக்கூடப் போடாத, நம்மை அடிமையாக வைத்திருந்த அரசாங்கம்கூடப் போனவர்களைக் கணக்கில் வைத்திருக்கிறது. நூறு வருடத்துக்குப் பிறகு நம்முடைய மன்றம், நம் ஓட்டில் வந்தது, அவர்கள்மேல் சிவப்புக் கோடு போடுகிறது.

எனவே கேட்கிறேன். பெயர் வெட்டும் வேலை தொடங்குவதற்கு முன்பாகச் சிறப்புக் கூட்டம் ஒன்றைக் கூட்டி, அந்தத் தீர்மானத்தை ரத்து செய்யுங்கள். முன்னாள் படைவீரர்கள் கொடுத்த பட்டியலை அப்படியே ஏற்று, பணியாற்றிய அனைவரின் பெயரையும், பதவி, ரெஜிமென்ட், சேர்ந்த வருடம், ஓய்வு பெற்ற வருடத்தோடு பொறியுங்கள். வீரமரணம் அடைந்த இருவரின் பெயர்கள் மேலே, தனியாக, பெரிய எழுத்தில் வரட்டும். அதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. தூணில் இடம் போதவில்லை என்றால் பீடத்தைச் சுற்றி நான்கு பக்கமும் கருங்கல் பலகை வையுங்கள், கூடுதல் செலவை நாங்கள் பங்கு போட்டுக்கொள்கிறோம் என்று குடும்பங்கள் சார்பில் எழுத்தில் கொடுக்கத் தயாராக இருக்கிறோம். இனிமேல் போகிறவர்களுக்கும் திரும்பி வருகிறவர்களுக்கும் ஒரு பலகையைக் காலியாக விடுங்கள்.

அமைதிப்படையில் இருந்தவர்கள் என்ற காரணத்துக்காக யாரையாவது விட வேண்டும் என்று எந்த உறுப்பினராவது நினைத்தால், அதைத் தன் பெயரோடு கூட்ட நடவடிக்கைக் குறிப்பில் பதிவு செய்யட்டும். தார் பூசுவார்கள் என்ற பயத்துக்குப் பெயரை எடுப்பது வழியல்ல. பேருந்து நிலையத்தில் ஏற்கனவே வேலை செய்யாமல் கிடக்கும் கேமராவைப் பழுது பாருங்கள்.

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கிடக்கும் கல்லை இந்த வாரமே எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். சிமெண்டை உளியால் தட்டிவிடாமல், வேலை தெரிந்தவரை வைத்துச் சுத்தம் செய்து, புதுத் தூணின் பக்கத்தில் அதன் வாசகம் மாறாமல் நிறுத்துங்கள்.

இந்த மடலுக்கு முப்பது நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமாகப் பதில் வேண்டும். தீர்மானத்தின் நகலையும், பட்டியலில் ஒவ்வொரு பெயரும் எந்தக் காரணத்தால் நீக்கப்பட்டது என்ற விவரத்தையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ்த் தனியாகக் கேட்டு மனு கொடுத்திருக்கிறேன்.

இவை எதையும் செய்வதில்லை என்று முடிவெடுத்தால், ரசீது எண்படி ஒவ்வொரு வீட்டுக்கும் வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுங்கள். ஏரிக்கரையில் அப்பா வெட்டிய பள்ளத்தை ஒட்டி ஒரு குடும்பம் தன் பட்டா நிலத்தில் இடம் தருவதாகச் சொல்லியிருக்கிறது. பெயர்களை அங்கே நாங்கள் பொறித்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஹவில்தாரின் மகள்,
பட்டியலில் கோடு விழுந்த மற்றக் குடும்பங்களின் சார்பாகவும்